கால் நீட்ட இடம்

“உள்ளே உட்கார்ந்து காலை நீட்டிப் பாருங்க மேடம், எங்கயும் முட்டாது” என்றார் ஷோரூம் விற்பனையாளர்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் மினிவேனுக்குள் ஏறினாள். கூடவே ஏழு வயது மகளும் ஏறி, சீட்டில் ஒரு துள்ளு துள்ளினாள். அப்பா பார்ப்பது தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேனின் உட்புறம் சின்ன ஹால் மாதிரி இருந்தது. மூன்று வரிசை சீட்டு, வரிசைக்கு வரிசை ஏசி. பக்கத்தில் நின்ற ஹைப்ரிட் கார் அதன் குட்டி போலத் தெரிந்தது. அதன் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சை இழுக்கும்போது அடுத்தவர் விட்டாக வேண்டும்.

“இதையே வாங்கிடலாங்க” என்றாள் அவள். “பாப்பாவுக்கு நெருக்கமா உட்கார்ந்தா வாந்தி வருது. இதுல படுத்துக்கிட்டே வரலாம்.”

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

கணவன் காதில் விழாதது போலப் பக்கத்துக் காரைப் பார்த்தான். நாலு பேர் எதிரில் அவன் பதில் சொல்லாமல் இருந்தால், பதில் வீட்டில் கிடைக்கும். அவள் சட்டைக் கையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டாள். போன வருடம் உடைந்த மணிக்கட்டு அது. கட்டுப் பிரித்த பிறகும் கோணலாகவே நின்றுவிட்டது.

அவன் ஹைப்ரிட் காரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தான். தலை இடிக்கவில்லை, ஆனால் முட்டி முன் சீட்டில் உரசியது. முகத்தைச் சுளித்தான். அவள் மகளோடு சட்டென்று வேனிலிருந்து இறங்கினாள்.

விற்பனையாளருக்கு எந்தக் காரையும் விட்டுக்கொடுக்க மனசு வராது. “சின்னதுன்னு நினைக்காதீங்க சார். பெட்ரோல் கம்மியாத்தான் குடிக்கும். கிளம்பும்போது பேட்டரியிலதான் ஓடும், இன்ஜின் சத்தமே…”

“அதெல்லாம் எதுக்குங்க?” என்று அவள் குறுக்கே விழுந்தாள். “எங்களுக்கு இடம்தான் முக்கியம். வேனைப் பத்திச் சொல்லுங்க.”

ஏறுவதற்கே அனுமதி கேட்டவள் இப்படி வாய் திறந்தது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கணவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். மகள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

விற்பனையாளருக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவளுக்கு உதவுவதாக நினைத்து வேனின் பெருமையை அவிழ்த்துவிட்டார். சீட்டைச் சாய்த்தால் கட்டில், மடித்தால் பீரோவையே ஏற்றலாம், எவ்வளவு தூரம் போனாலும் முதுகு வலிக்காது. அதோடு நிற்காமல் கணவனையே நடுச் சீட்டில் உட்காரவைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். கால்தாங்கி எழும்பி வந்தது. அவன் காலை நீட்டி, கண்ணை மூடினான்.

“சொகமாத்தான் இருக்கு” என்றான்.

இந்த நிமிடத்தைத் தவறவிட்டால் அப்புறம் எதுவுமே கிடையாது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

“நான்தான் சொன்னேன்ல” என்றாள். “எனக்கு வேன்தான் வேணும். அக்கா வீட்டுலயும் இதுதான் இருக்கு. அக்காதான் இதையே வாங்கச் சொன்னா.”

அவன் கண்ணைத் திறந்தான். அக்காவின் பேச்சையே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“அப்போ உங்க அக்கா வீட்டு வேன்லயே போய் உட்கார்ந்துக்கோ” என்று சிரித்தான் கணவன். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மகளுக்கும் தெரியும். “சார், சின்னதையே போடுங்க. மூணு பேருக்கு எதுக்குப் பஸ்ஸு?”

“பாப்பாவுக்கு வாந்தி…”

“ஜன்னல் இருக்குல்ல?”

என்ன கலர் என்று விற்பனையாளர் கேட்டபோது பெரிய மனசு பண்ணி அவளிடம் விட்டான். அவள் சிவப்பு என்றாள். உடனே சாம்பல் கலருக்குச் சொல்லிவிட்டான். வாசலில் நின்ற பழைய டீசல் காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதாகவும் முடிவாயிற்று. அதை ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்ளும் என்று அவனே கேலி செய்தான். விற்பனையாளர் சிரித்தார். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் மகள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

புது கார் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் அவன் தூங்கினான். வேலை நாளில் வெளிக்கேட்டைப் பூட்டி, சாவியையும் காரையும் கையோடு கொண்டுபோய்விடுவான். இரண்டும் வீட்டில் இருப்பது அவன் இருக்கும்போது மட்டும்தான். படுக்கையறை ஜன்னலை ஒட்டித்தான் கார் நின்றது.

அவள் கேட்டைத் திறந்து வைத்தாள். மகளைப் பின் சீட்டில் படுக்கவைத்தாள். காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. துணிப்பையைக் கீழே திணித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?” என்று மகள் கிசுகிசுத்தாள். “போன தடவை சத்தம் கேட்டுத்தானே அப்பா ஓடி வந்தாரு?”

“ஸ்டார்ட் ஆயிடுச்சுடா கண்ணு.”

சத்தம் போடாத இந்தக் கார்தான் வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவன் வேனைத்தான் வாங்கியிருப்பான். கார் கேட்டைத் தாண்டும்போது அந்த ஜன்னலிலிருந்து கேட்டது அவனுடைய குறட்டை மட்டும்தான்.