ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதி செத்துப்போவாள். அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொள்வாள். மகன் தயாளன் வந்து பார்த்ததும் போன் எடுத்து, "அம்மா எந்திரிக்கல, வாங்க" என்று எதிர்வீட்டு ஷீலாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் பாடம். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் தயாளன் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் தலைக்கடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொள்வான்.

"போன் பண்ணுடா! நான் நிஜமாவே போய்ட்டா என்னடா பண்ணுவே?"

"கூடப் படுத்துக்குவேன்" என்பான்.

இந்த ஞாயிறு அவள் குளித்துவிட்டு வந்தபோது சமையலறைத் தரையில் தயாளன் கிடந்தான். "விளையாடாதே, எந்திரி" என்றாள். அசையவில்லை. பொய்யாகத் தூங்கும்போது அவனுக்குச் சிரிப்பை அடக்க வராது, உதட்டோரம் துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்த இதயம். அவன் மார்பில் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. போன் மேடைமேல், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது அவள் கண்ணில் படவேயில்லை. அவன் தலையைத் தூக்கித் தன் கைமேல் வைத்துக்கொண்டு, ஈரத்தலையோடு பக்கத்தில் படுத்துவிட்டாள்.

"தப்பும்மா" என்றான் தயாளன், கண்ணைத் திறக்காமல். "போன் பண்ணணும்."