எட்டெழுத்துப் பட்டை

"பேர அழிச்சிட்டா எங்கம்மா என்னை எப்படிக்கா தேடும்?" என்று ஆறு வயது அமலோற்பவம் ஒருமுறை கேட்டாள்.

இலவச வார்டின் கைப்பட்டையில் எட்டு எழுத்துதான் கொள்ளும். ஊசி போடும் இயந்திரம் பட்டையை மட்டுமே படிக்கும். அதனால் பட்டை எழுதும் மரியபுஷ்பம் பெயரை அழித்துவிட்டு, "பெனிசிலின் ஆகாது" என்று எழுதினாள். குழந்தை பிழைத்தது. பெயரை அழிக்கக் கூடாதென்ற விதியை மீறிய மரியபுஷ்பத்தை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் வந்த தாயிடம், அப்படியொரு பெயரே இல்லை என்றது, பட்டைப் பெயர்களை மட்டுமே காட்டும் வாசல் கணினித் திரை. அழுதவளைக் காவலர் வெளியே தள்ளினார். தாயும் மகளும் பிறகு சந்திக்கவேயில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே மேசையில் பட்டை எழுதுபவள் அமலோற்பவம். எதிரே காய்ச்சலில் நடுங்கும் ஒரு கிழவி.

"பேரு மரியபுஷ்பம். சல்பா மாத்திரை ஆகாது. ரெண்டும் கொள்ளாதுன்னு எனக்குத் தெரியும். பேர அழிச்சிரு தாயி. என்னைத் தேடி யாரு வரப்போறா?"

அந்தப் பெயரை அமலோற்பவம் மறந்திருக்கவில்லை. கிழவி கண்ணயர்ந்ததும், நாற்பது எழுத்து கொள்ளும் தன் ஊழியர் பட்டையைக் கழற்றினாள். ஆயுளுக்கும் ஒன்றுதான் தருவார்கள். அதிலிருந்த தன் விவரத்தை அழித்து, கிழவியின் பெயரையும் ஆகாத மருந்தையும் முழுதாக எழுதி, அவள் கையில் கட்டினாள்.

எட்டெழுத்துப் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, அதில் தன் பெயரை எழுதினாள். பெனிசிலினுக்கு இடமில்லை.