பூக்காரி அமுக்கிய பட்டன்

"பாருங்க சார், பாருங்க! அமுக்கிட்டா!"

ஸ்கூட்டர் ஹேண்டில்பாரை ஓங்கிக் குத்தினேன். வலிச்சது என் கைதான்.

தில்லை நகர்ல எங்க கடைத்தெருவுல, நடக்கிறவங்களுக்குன்னு புதுசா ஒரு சிக்னல் வச்சிருக்காங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பம், கம்பத்துல பட்டன். அமுக்கினா வண்டிக்கெல்லாம் சிவப்பு விழும். முப்பது விநாடி நாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்.

நல்ல ஏற்பாடுதான், நான் வேணாங்கல. வியாபாரிகள் சங்கச் செயலாளர் நான். திறந்த அன்னைக்கே என் போட்டோ போட்டு, பெரிசா வரவேற்பு ஃபிளெக்ஸ் கட்டினவனே நான்தான்.

ஆனா இந்தப் பூக்காரி ஆனந்தவள்ளி இருக்காளே! இந்தப் பக்கக் கம்பத்தடியில கூடையோட உட்கார்ந்திருப்பா. தினமும் ஒன்பதே காலுக்கு, நான் கடை திறக்க அரக்கப் பரக்க வர்ற நேரமாப் பார்த்து அமுக்குவா. அவ பக்கத்துல தாண்டறதுக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. வண்டிங்க நின்னதும், "மல்லி, மல்லி"ன்னு கூடையைத் தூக்கிக்கிட்டு நடுவுல புகுந்துடுவா.

பூ விக்கறதுக்கு கவர்மென்ட் சிக்னலா? பத்திக்கிட்டு வந்தது எனக்கு.

இன்னைக்கு விடல. டிராபிக் எஸ்.ஐ. ஜெயக்குமாரையே பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். வழக்கம்போல ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டோம்.

எஸ்.ஐ. இறங்கி நேரா அவகிட்ட போனார். ஸ்கூட்டரை ஓரங்கட்டிட்டு அவர் பின்னாடியே ஓடினேன்.

"ஏம்மா, யாரு தாண்டறதுக்கு அமுக்கினே?"

அவளுக்கு முகமே வெளிறிப் போச்சு. "எனக்கில்ல சார்..."

"இனிமே இங்க கடை போடக் கூடாது. எடு கூடையை!"ன்னு அதட்டினார் எஸ்.ஐ.

"எடுத்துடறேன் சார். அந்தத் தம்பி மட்டும் வந்து சேர்ந்துடட்டும்."

எந்தத் தம்பி? பஸ்ஸைத் தாண்டி எட்டிப் பார்த்தேன்.

நடு ரோட்டுல ஒரு சக்கர நாற்காலி. ரெண்டு கையாலயும் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு, மூச்சு வாங்க வந்துக்கிட்டிருந்தான் ஒரு பையன். அவன் இந்தப் பக்கம் ஏறவும் சிக்னல் மாறவும் சரியா இருந்தது.

"தேங்க்ஸ்க்கா. என்ன, போலீஸெல்லாம் வந்திருக்காங்க?"

பேரு பிராங்க்ளினாம். பக்கத்து கண் ஆஸ்பத்திரியில பில் போடற வேலை.

எஸ்.ஐ. அவனையும் விடல. "அந்தப் பக்கமும்தான் பட்டன் இருக்கே தம்பி, நீங்களே அமுக்கலாமே?"

"அமுக்கலாம் சார். உட்கார்ந்த மாதிரியே எனக்கு எட்டற உயரத்துலதான் வச்சிருக்காங்க. ஆனா அதுமேல ஃபிளெக்ஸைக் கட்டி மூடிட்டாங்களே! மத்தவங்க ஓடித் தாண்டிடறாங்க. நான் கையைத் தூக்கிக் காட்டுவேன், அக்கா இங்கேருந்து அமுக்குவாங்க."

நான் மெல்ல எஸ்.ஐ.க்குப் பின்னாடி நகர்ந்தேன்.

"அவுத்துப் போட வேண்டியதுதானே?"ன்னார் அவர்.

"கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருக்கு சார். தொட்டா சங்கத்துக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு எல்லாருக்கும் பயம்."

எஸ்.ஐ. நோட்டை எடுத்தார். "யாரும்மா கட்டினது?"

ஆனந்தவள்ளி என்னைப் பார்த்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சு கூடையில பூவை அடுக்க ஆரம்பிச்சா.

வண்டிங்க எல்லாம் போய் ரோடு காலியாச்சு.

எதிர்க் கம்பத்துல, 'நடப்பவருக்கு வழி விடுவோம்'கிற கொட்டை எழுத்துக்குக் கீழே, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்.