மாப்பிள்ளை வீட்டு டைனோசர்

வாசலில் கார் வந்து நின்ற நேரம் பார்த்துத்தானா அந்த டைனோசர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? சீனிச்சாமிக்கு வேர்த்து ஊற்றியது.

"ஏலே அழகு, எப்படியாச்சும் தொறக்க வையி! பொண்ணு வீட்டுக்காரக வந்துட்டாக!"

மகன் அழகுராஜா கோட்டும் டையுமாக அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அது அசைந்து கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க மல்லாங்கிணற்றிலிருந்து வந்த சுந்தரபாண்டி, நேரே போய் டைனோசரின் வாலடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வாய் திறந்து உறுமியது. விவரமான சம்பந்திதான் என்று சீனிச்சாமிக்குச் சந்தோஷம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த எட்டு ஏக்கரும் பருத்திக்காடு. அழகுராஜா காட்டை விட்டு நகராத பிள்ளை. ஆனால் எந்த வீட்டில் பெண் கேட்டாலும், "காட்டுல பாடுபடுற சம்சாரிக்குக் குடுக்க மாட்டோம். களையெடுக்கவா பிள்ளையப் பெத்தோம்?" என்று கதவைச் சாத்தினார்கள்.

சீனிச்சாமியின் பெண்டாட்டி தங்கமாரி சண்டைக்கே நின்றுவிட்டாள். "காட்டைக் கட்டிக்கிட்டு அழுவீகளா, இல்ல பேரன் முகத்தைப் பாப்பீகளா?"

காய் பிடித்திருந்த செடியோடு மடக்கி உழுதார் சீனிச்சாமி. அன்றைக்கு வாய்விட்டே அழுதார். அப்புறம் பருத்தி மூட்டை அடுக்கிய கிட்டங்கி பேய் வீடானது. டிராக்டருக்கு ஒரு மூஞ்சியை வைத்து ரயிலாக்கினார்கள். கிணற்றுக்குள் ஒரு படகு சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கு வாசலில் 'அழகு வேர்ல்டு' என்று போர்டும் ஏறியது.

"இதுதான் செயற்கை மழை." முன்பு பூச்சிமருந்து அடித்த குழாயைச் சுந்தரபாண்டிக்குத் திறந்து காட்டினார் சீனிச்சாமி. "ஒரிஜினல் மழை வந்தா என்ன, வராட்டி என்ன? நமக்கு ஒரு கவலையும் இல்ல, பாருங்க."

சுந்தரபாண்டி நனைந்துகொண்டே கேட்டார். "காடு எந்தப் பக்கம் இருக்கு?"

"காடா? ஒத்தச் செடி கெடையாது! பூராம் சிமெண்டு. ஒங்க மக கால்ல மண்ணே படாது."

சுந்தரபாண்டியின் முகம் சுண்டிப்போனது.

தங்கமாரி இலை போட்டுக் கேசரி வைத்தாள். சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மகனும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கை செருப்பை எடுத்தது.

சீனிச்சாமி ஓடிப்போய் வழியை மறித்தார். "என்ன கொறைன்னு சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி! வேணும்னா இன்னொரு டைனோசரு நிப்பாட்டிருவோம்."

"ஐயோ, வேண்டாம்." சுந்தரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளை சம்சாரின்னு தரகர் சொன்னதை நம்பித்தான் ஓடியாந்தேன். மகளாவது சோத்துக்கு வெதைக்கிற வீட்டுல வாழட்டுமேன்னு நெனைச்சேன்."

"அப்ப ஒங்க காடு?"

"எம் மகனுக்குப் பொண்ணு கெடைக்கணும்னு நானும் பார்க்குதான் கட்டி வச்சிருக்கேன்!"