பத்தாவது கையெழுத்து

“ஏளா, சோறு போடாம எங்க கெளம்பிட்ட?” என்றார் ஆவுடையப்பன்.

“தேர்தல் ஆபீசுக்கு. உப்பளத்துல வேல பாக்குற சரண்யாதேவி இன்னைக்கு வேட்புமனு குடுக்கா. பெரிய கட்சின்னா முன்மொழிய ஒருத்தர் போதுமாம். அவ கட்சி சின்னதுல்லா, பத்துப் பேரு வேணுமாம். பத்தாவது ஆளை யாரோ மெரட்டி ஆத்தூருக்கு பஸ் ஏத்தி விட்டுட்டாவளாம்.”

பேச்சிச்செல்வி கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

“அவ ஜெயிக்கவா போறா?”

“தோத்தா தோத்துட்டுப் போறா. நிக்கவே விடமாட்டோம்னா எப்படி?”

மனு வாங்கும் நேரம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. சரண்யாதேவி நீட்டிய மனுவைப் புரட்டிய தேர்தல் அதிகாரி, கடைசிக் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் நின்ற பேச்சிச்செல்வியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, காலையில இன்னொருத்தரையும் நீங்கதானே முன்மொழிஞ்சீங்க?”

“ஆமா சார். அது பெரிய கட்சி, நான் ஒருத்தியே போதும்னாவ. ரெண்டு பேருக்குப் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“சட்டம் தடுக்கலம்மா. ஆனா அவர் உங்க வீட்டுக்காரராச்சே!”

“அதனாலதான் சார் ஓடியாந்தேன். என் ஓட்டு அவுகளுக்குத்தான்.”

அதிகாரி தன்னையறியாமல் எழுந்து நின்றார். பேச்சிச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா எதுத்து நிக்கவள வெரட்டிவிட்டு ஜெயிச்சிட்டு வந்தாவன்னா, வாசல்ல ஆரத்தி எடுக்க எனக்குக் கை வராது சார்.”