வெளியாள் கீப்பர்

புறநகர்க் கால்பந்துக் கிளப்பின் வரலாற்றை எழுத வந்த பரிதி, அலுவலகச் சுவரிலிருந்த அணிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாரும் சீருடையில் நிற்க, கோல்கீப்பர் மட்டும் பேண்ட் சட்டையும் தோள்பையுமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் படம் ஆள் வேறு.

“இவங்கல்லாம் யாரு?”

“ஒங்கள மாரி கிளப்பு கதய எழுத வந்தவங்கதான் சார்,” என்றார் செயலாளர் டோமினிக். “நம்மாளு கோல் வுட்டா ஏரியாவே ரெண்டாயிடும். அதான் கீப்பரு மட்டும் எப்பவுமே வெளியாளு.”

பரிதி சிரித்தான். டோமினிக் சிரிக்கவில்லை.

“நான் ஆறு மணி ரயிலப் புடிக்கணும்.”

“அவரும் அப்டிதான் சொன்னாரு,” என்று டோமினிக் ஜன்னலைக் காட்டினார்.

வெளியே யாரோ கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே தோள்பையோடு நின்றிருந்த நரைத்த மனிதர், பரிதியைக் கண்டதும் அவசர அவசரமாகக் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினார்.