கூட்டத்துக்கு வராதவர்கள்

"இன்னிக்கும் வரல பாருங்க," என்றார் மைக் சார், காலியாகக் கிடந்த கடைசி வரிசையைக் காட்டி.

செயலாளர் அம்மா பார்த்தார். பார்த்தாரே தவிர, கோபம் உடனே வரவில்லை. நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து அவருக்கு எதுவுமே சட்டென்று உறைப்பதில்லை.

வரலாற்றுத் துறையில் பேராசிரியை, ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர். பல்கலைக்கழக வாசலில் நின்று வருஷக்கணக்கில் கத்திய தொண்டை. இப்போது நிர்வாகமே எழுந்து நின்று வணக்கம் வைக்கிறது. மரத்தடியில் நடந்தால் கால் தரையில் பாவுகிறதா என்றே அவருக்குச் சந்தேகம். காலையில் கண் விழித்ததும், ஜெயித்தது நிஜம்தானே என்று கணவரை ஒரு தடவை கேட்டுக்கொள்வார். அந்த மனுஷனும் சலிக்காமல் நிஜம்தான் என்பார்.

கிடைத்ததிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் புதன்கிழமைதான். புதன் மதியம் வேலை நேரத்திலேயே சங்கக் கூட்டம் போடலாம். வகுப்பு இருந்தாலும் விட்டுவிட்டு வரலாம். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது. முன்பெல்லாம் சாயங்காலம் பசியோடு உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதிப்பேர் நழுவ, மிச்சப் பாதி எடுத்த முடிவுதான் முடிவு. இப்போது ஜன்னலோரம் காற்று, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் டீ. ராஜபோகம்தான்.

ஆனால் ஜெயித்தாயிற்று என்று கால் நீட்டிவிட்டால் சங்கம் படுத்துவிடும், இன்னும் ஆள் சேர்க்க வேண்டும் என்று எல்லோருக்குமே ஒரு வேகம் இருந்தது. யாரைச் சேர்ப்பது? மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான். அவர்களுக்கு நாற்காலி கிடையாது, லீவு கிடையாது, அடுத்த பருவம் வேலை உண்டா என்பதும் தெரியாது. அடுத்த பேச்சுவார்த்தையில் அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி முதல் கோரிக்கையாக வைக்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை. அவர்கள் கூட்டத்துக்கு வந்து வாய் திறந்து கேட்டால் போதும்.

சொல்லி அனுப்பினார்கள். போன புதன் ஒருத்தரும் வரவில்லை. இந்தப் புதனும் அதே கதை.

மைக் சார் பொருளாதாரத் துறைக்காரர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கும் பிடித்துக்கொண்டார்.

"நமக்காக நாம வெயில்ல நின்னோம். அவங்களுக்காக அவங்க நிழல்ல வந்து உட்காரக்கூட மாட்டேங்கறாங்க. நாம எதுக்குங்க முட்டி மோதணும்?"

ஏதாவது காரணம் இருக்கும் என்று இயற்பியல்காரர் மெதுவாக இழுத்தார். என்ன பெரிய காரணம், பழுத்தது தானாக மடியில் விழட்டும் என்று காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றது இன்னொரு குரல்.

செயலாளர் அம்மாவுக்குப் போன வாரம் மாடிப்படியில் நடந்தது ஞாபகம் வந்தது. புள்ளியியலுக்கு மணிக்கணக்கில் வரும் பெண்ணை அவரே நிறுத்தி, கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டார். அந்தப் பெண் சிரித்தாள். வரணும்னுதான் மேடம் ஆசை என்றாள். அடுத்த நொடி ஆளைக் காணோம். நினைக்க நினைக்க அந்தச் சிரிப்பு இப்போது அவருக்குச் சுருக்கென்றது.

"சரி, அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுடலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க," என்றார்.

முதலில் தூக்கியதும் அவர் கைதான். பிறகு அறை முழுக்கக் கைகள். இயற்பியல்காரர் கூடக் கடைசியில் தூக்கிவிட்டார்.

நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செயலாளர் அம்மா கிளம்பினார். நாளைக்கு முதுகுக்குப் பின்னால் செய்துவிட்டார்கள் என்று பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

தாழ்வாரம் ஆளரவமில்லாமல் கிடந்தது. கதவெல்லாம் திறந்திருக்க, பெஞ்சுகளின் மேல் வெயில் சோம்பலாகப் படுத்திருந்தது. எங்கிருந்தோ புறா சத்தம். நடக்க நடக்க அவருக்குக் கோபம் கூடக் கரைந்துபோய், தூக்கத்தில் நடப்பது போல ஒரு சுகம் வந்தது. பாவம், பிள்ளைகளுக்கும் புதன் மதியம் விடுதலை, வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தான் எழுந்து வந்த வகுப்பு என்ன ஆயிற்று என்பதை அவர் அதற்கு மேல் யோசித்ததில்லை.

கோடியில் இருந்த பெரிய ஹாலிலிருந்து ஒரு கம்மிய குரல் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

ஹால் நிரம்பி வழிந்தது. பெஞ்சில் இடமில்லாமல் படிகளிலும் தரையிலும் பிள்ளைகள். இயற்பியல் பிள்ளைகள் ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம். புள்ளியியல் பெண் ஒரு பக்கத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் சிலர் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். செயலாளர் அம்மாவின் சொந்த வகுப்பு.

அவருக்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது.

அந்தப் பெண் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்ன மேடம், கூட்டம் முடிஞ்சிடுச்சா?"

"இல்ல... இவங்கல்லாம் எப்படி இங்க?"

"புதன் மதியம் உங்க எல்லார் வகுப்பையும் நாங்கதானே மேடம் பாத்துக்கணும். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இல்லன்னா அடுத்த பருவம் கூப்பிட மாட்டாங்களாம். எங்கள்ல மத்தவங்க மேல் மாடி ஹால்ல இருக்காங்க."

செயலாளர் அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் கஷ்டப்பட்டு.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"இன்னிக்கு எங்களைப் பத்தித்தான் பேசறீங்கன்னு கேள்விப்பட்டோம் மேடம். வகுப்புல சத்தம் கேட்டு நீங்க யாரும் பாதியில எழுந்து வந்துடக்கூடாதேன்னுதான், எல்லாரையும் இப்படி அடக்கி உட்கார வச்சிருக்கோம்."